சினிமாவிலும் டிவி தொடர்களிலும் உங்களால் மறக்கவே முடியாத முதல் வசனம் எது?

நான் சொல்லப்போவது ஒரு இந்தி வசனம். எனக்கு இந்தி தெரியாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

"மை சமய் ஹூம்."

'நான் காலம்' என்று அர்த்தம். 1988 அக்டோபர் 2, ஞாயிற்றுக்கிழமை, தூர்தர்ஷனில் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் தொடங்கியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. செய்யாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஊரில் மூன்று வீட்டில் டிவி இருந்தது. எங்களையெல்லாம் உள்ளே விட்டது தெருக்கோடி ஹெட்மாஸ்டர் வீடு மட்டும்தான். மரப்பெட்டிக்குள் கறுப்பு வெள்ளை டிவி, முன்னால் இழுத்து மூடுகிற ஷட்டர். அந்த வீட்டம்மா தலைக்குக் குளித்து, சாமிக்கு விளக்கேற்றிவிட்டு வந்துதான் ஷட்டரைத் திறப்பார். அவருடைய பையன் மொட்டை மாடியில் ஆன்டெனா கம்பியைப் பிடித்துக்கொண்டு "இப்பத் தெரியுதா? இப்ப?" என்று கத்திக்கொண்டே இருப்பான்.

திரையில் இருட்டு. அதில் நட்சத்திரங்கள், நடுவில் சுற்றுகிற ஒரு சக்கரம். எது நட்சத்திரம், எது ஆன்டெனா கொடுக்கும் புள்ளி என்று பிரித்துப் பார்க்க முடியாத டிவி அது. அந்தப் புள்ளிகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. அடித்தொண்டையில், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் தரையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பது போல. எனக்குக் காதில் விழுந்தது "மை", "சமை" என்று இரண்டு தமிழ்ச் சொற்கள். இங்க் பாட்டிலுக்கும் சமையலுக்கும் என்ன சம்பந்தம் என்று குழம்பிப்போய் ஆயாவைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம்.

ஆயாவுக்கும் இந்தி தெரியாது, படிப்பும் கிடையாது. ஆனால் "சமயம்ங்கறான்டா" என்றாள். "காலம். காலமே வந்து கதை சொல்லுது." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கட்டியக்காரன் மாதிரி வச்சிருக்கான். ஆனா மூஞ்சியவே காட்ட மாட்டேங்கறானே" என்றாள்.

இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த சரியான பதில் ஆயா கடைசியாகச் சொன்னதில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்க் கூத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

செய்யாறு, வந்தவாசி, திருவண்ணாமலை பக்கமெல்லாம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பாரதக் கூத்து உண்டு. பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார். ராத்திரி கூத்து, விடிய விடிய. புகழ்பெற்ற புரிசை கூத்துக் குழுவும் இந்த வட்டாரம்தான். கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டியவர் நேராக வந்து சபையில் நிற்க மாட்டார். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும். முகவீணை என்கிற சின்ன நாயனம் அந்தக் குரலைத் துரத்திக்கொண்டே போகும். தன் பெருமையை, தன் நாட்டை, தான் யார் என்பதை எல்லாம் திரைக்குப் பின்னாலேயே பாடி முடித்த பிறகுதான் துணி விலகும். அதற்குள் முன்வரிசையில் படுத்திருக்கும் சின்னப் பிள்ளைகளும் எழுந்து உட்கார்ந்துவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் வருகிறவன் கட்டியங்காரன். சபைக்குக் கும்பிடு போட்டு, தன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி, யார் வரப்போகிறார்கள் என்று அறிவித்து, நடுநடுவே கேலியும் பேசி, கதைக்கும் உட்கார்ந்திருக்கும் ஜனத்துக்கும் நடுவில் நிற்கிற ஆள். அவன் கதையிலும் உண்டு, வெளியிலும் உண்டு.

அப்புறம் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், அந்தத் தொடருக்கு வசனம் எழுதியவர் ராஹி மாசூம் ராசா என்ற உருது, இந்தி எழுத்தாளர். குரல் ஹரீஷ் பீமானி. வியாசர் பாரதத்தில் கதை சொல்கிறவர்கள் பலர். வியாசரின் சீடர் வைசம்பாயனர் ஜனமேஜயனுக்குச் சொல்கிறார். அதைக் கேட்ட சூதர் நைமிசாரண்யத்து முனிவர்களுக்குச் சொல்கிறார். ராசா இவர்களையெல்லாம் ஓரமாக உட்காரவைத்துவிட்டுக் காலத்தையே கொண்டுவந்து பேசவைத்தார். காலத்துக்குப் பாண்டவரும் ஒன்றுதான் கௌரவரும் ஒன்றுதான். வியாசருக்கோ திருதராஷ்டிரனும் பாண்டுவும் சொந்தப் பிள்ளைகள். அவர் நடுநிலை வகிக்க முடியுமா? ஒரே ஒரு வசனத்தில் கதைசொல்லியின் சொந்தபந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. தமிழில் இன்னொரு வசதியும் இருக்கிறது. காலம் என்பதில் கடைசி எழுத்தை மாற்றினால் காலன், எமன். பதினெட்டு நாள் சண்டையில் அத்தனை பேரும் சாகிற கதையை வேறு யார் சொல்வது?

94 பகுதி. மொழி புரியாத ஒரு ஊரே இரண்டு வருஷம் போலப் பார்த்தது. துகிலுரியும் காட்சியில் அழுதது. கதை முன்பே தெரியும் என்பதால் இந்தி ஒரு தடையாகவே இருக்கவில்லை.

குரல் முன்னே, முகம் பின்னே என்ற இந்த வித்தையை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவற்றையும் பார்க்கலாம்.

தமிழில் 'தொடக்க வசனம்' என்றாலே எனக்கு ஒன்றுதான் நிற்கிறது, அதுவும் எந்தக் கதாபாத்திரமும் பேசியதில்லை. "என் இனிய தமிழ் மக்களே." பாரதிராஜாவின் கரகரத்த குரல். எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகையில் படம் போட்டுப் பத்து நிமிஷம் வரை என்ன பேசினாலும் கேட்காது. 'விநாயகனே வினை தீர்ப்பவனே' பாட்டு ஒலிபெருக்கியில் போன பிறகுதான் டிக்கெட் கொடுக்க ஆரம்பிப்பார்கள். தரை டிக்கெட்காரர்கள் மணலைக் குவித்து மேடு கட்டி உட்காருவார்கள்; பின்னால் இருக்கிறவன் "டேய் தலை மறைக்குது" என்பான்; முறுக்கு விற்கிற பையன் குறுக்கே போவான். இந்த இரைச்சலில் எவ்வளவு நல்ல முதல் வசனம் எழுதினாலும் வீண். ஆனால் அந்த ஒரு குரல் வந்தால் மட்டும் விசில் கிளம்பி, உடனே அடங்கும். ஒருமுறை பெஞ்ச் பக்கமிருந்து ஒரு பெரியவர் "சொல்லு சாமி" என்று பதிலே சொன்னார். அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. கட்டியங்காரன் கும்பிடு போட்டால் சபை பதில் சொல்லும், அந்தப் பழக்கம்தான்.

இந்த இரைச்சலால்தான் நம் படங்களில் 'முதல் வசனம்' என்பது படத்தின் முதல் வசனமாக இல்லாமல் ஹீரோவின் முதல் வசனமாக ஆகிப்போனது என்பது என் கட்சி. எழுதுகிறவர்களுக்கும் தெரியும், முதல் ரீலில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள் என்று. கால் காட்டி, முதுகு காட்டி, கை காட்டி, கடைசியில் முகம் காட்டி ஒரு வசனம். கூத்துத் துணி அப்படியே கேமராவுக்குள் போய்விட்டது. 1975-ல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் பழைய கேட் ஒன்றைத் தள்ளித் திறந்துகொண்டு ரஜினிகாந்த் வந்து, பைரவியின் வீட்டை விசாரித்து, தான் அவளுடைய கணவன் என்கிறாரே, அதுவும் திரை விலகுவதுதான். என்ன, அப்போது விசிலடிக்க ஆள் இல்லை. சிவாஜியின் கதை இன்னும் சுருக்கம்: 'பராசக்தி'க்காகக் கேமரா முன்னால் அவர் பேசிய முதல் சொல் "சக்சஸ்". இதையெல்லாம் திட்டமிட்டு எழுத முடியாது.

இப்போது வெளியூர்ப் படங்களுக்கு வருகிறேன். 'காட்ஃபாதர்' (1972) படத்தை முதன்முதலாக ஹாஸ்டலில் நண்பனின் கம்ப்யூட்டரில் பார்த்தேன். டிவிடியைப் போட்டால் திரை கறுப்பாகவே இருக்கிறது; குரல் மட்டும் வருகிறது. மானிட்டர் போய்விட்டது என்று நினைத்து இரண்டு தட்டு தட்டினேன். "ஐ பிலீவ் இன் அமெரிக்கா." நான் அமெரிக்காவை நம்புகிறேன். அப்புறம் மெதுவாக ஒரு முகம் வருகிறது. போனசெரா என்ற இத்தாலிக்காரன். பிணங்களை அடக்கத்துக்குத் தயார் செய்யும் தொழில் செய்பவன். மகளை இரண்டு பையன்கள் அடித்துச் சிதைத்துவிட்டார்கள். போலீசுக்குப் போனான், கோர்ட்டுக்குப் போனான். தண்டனையை நிறுத்திவைத்து அன்றைக்கே பையன்களை விட்டுவிட்டார்கள். கேமரா பின்னால் நகர்ந்துகொண்டே போகிறது, கிட்டத்தட்ட மூன்று நிமிஷம். அப்போதுதான் சட்டகத்தின் ஓரத்தில் ஒரு தோளும் ஒரு கையும் தெரிகிறது. அந்தக் கை லேசாக அசைகிறது. யாரோ வந்து அழுகிறவனுக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் மாஃபியா தலைவர் டான் கோர்லியோன்; நடித்தவர் மார்லன் பிராண்டோ. முகம் பிறகுதான்.

படத்தின் இயக்குநர் கொப்போலா முதலில் எழுதிய திரைக்கதை கல்யாண வீட்டில் தொடங்கியதாம். அவர் அதற்கு முன் பங்கெடுத்து எழுதிய 'பேட்டன்' (1970) படம், பெரிய கொடிக்கு முன்னால் ஒரு தளபதி நேராக நம்மைப் பார்த்துப் பேசுவதில் தொடங்கும். அது எவ்வளவு புதுசாக இருந்தது, இதையும் அப்படி ஏதாவது செய்யேன் என்று ஒரு நண்பர் சொல்லப்போய்த்தான் போனசெரா முன்னுக்கு வந்தார் என்று கொப்போலாவே சொல்லியிருக்கிறார்.

அந்த வசனம் எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்றால், அது நம் ஊர்ப் பஞ்சாயத்துப் பேச்சு. எங்கள் தாத்தாவிடம் வழக்கு சொல்ல வருகிறவர்கள் யாரும் நேராக விஷயத்துக்கு வந்ததில்லை. "நான் யார் வம்புக்கும் போறவன் கெடையாதுங்க" என்றுதான் தொடங்குவார்கள். அப்படி ஒருவர் தொடங்கினால் வம்பு பெரியது என்று திண்ணையில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். நான் அமெரிக்காவை நம்புகிறேன் என்று ஒருவன் நடுவீட்டில் வந்து சொல்கிறான் என்றால் நம்பிக்கை போய்விட்டது என்று பொருள். டானும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்: முதலில் ஏன் போலீசுக்குப் போனாய், என்னிடம் ஏன் வரவில்லை?

நம் ஞாபகம் இதில் நிறையத் தில்லுமுல்லு செய்யும். 'குட்ஃபெல்லாஸ்' (1990) படத்தின் முதல் வசனம் எது என்று யாரைக் கேட்டாலும், "நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் ஒரு கேங்ஸ்டர் ஆகவே ஆசைப்பட்டேன்" என்பார்கள். உண்மையில் அது முதல் வசனம் இல்லை. படம் தொடங்குவது ராத்திரி ஓடுகிற ஒரு காரில். ஏதோ சத்தம் கேட்கிறது. என்ன அது, எதிலாவது மோதிவிட்டேனா என்கிற மாதிரிப் பேச்சு. இறங்கி டிக்கியைத் திறந்தால் உள்ளே ரத்த வெள்ளத்தில் ஒருவன் இன்னும் உயிரோடு. கத்தியால் குத்துகிறார்கள், சுடுகிறார்கள். டிக்கியை மூடும்போதுதான் அந்தப் பிரபலமான வசனம் குரலாக வருகிறது. வசனத்தின் மகிமையே அதற்கு முன்னால் நாம் பார்த்துவிட்டதில்தான். படத்தின் முதல் நொடியில் அதே வசனத்தை வைத்திருந்தால் ஒரு பையனின் ஆசையாகத்தான் கேட்டிருக்கும்.

'சிட்டிசன் கேன்' (1941) வேறு தினுசு. ஒரு பெரிய பணக்காரனின் உதடுகள் மட்டும் திரை முழுக்க; "ரோஸ்பட்" என்று ஒரே சொல். ஆள் செத்துப்போகிறார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு பத்திரிகைக்காரர் படம் முழுக்க அலைகிறார். நர்ஸ் கதவைத் திறந்து உள்ளே வருவதே அவர் சொல்லி முடித்த பிறகுதான், அப்படியானால் அதைக் கேட்டது யார் என்று ரசிகர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். நான் கேட்டேன் என்று வேலைக்காரர் பிற்பாடு சொல்வது உண்மைதான். ஆனால் காசு கேட்டுப் பேரம் பேசுகிற ஆளை நான் நம்பத் தயாரில்லை.

டிவி தொடரின் கணக்கு தனி. தியேட்டரில் உட்கார்ந்துவிட்ட ஆளிடம் பேசுகிறோம். டிவியில் இன்னும் உட்காராத ஆளைக் கூப்பிட வேண்டும். அவர் அடுப்படியில் இருப்பார், கொல்லையில் இருப்பார். அதனால் ஒரே வரி வாராவாரம் திரும்ப வரும், திரும்ப வந்தும் சலிக்கக் கூடாது. 1966-ல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' ஒவ்வொரு பகுதியிலும் 'விண்வெளி, இறுதி எல்லை' என்று ஒரு குரலோடுதான் கிளம்பும். எந்த ஆணும் போகாத இடத்துக்குத் துணிந்து போவது என்று முடிகிற அந்தப் பேச்சை, 1987-ல் புதுத் தொடர் வந்தபோது யாரும் போகாத இடம் என்று மாற்றினார்கள். ஒரு சொல்லை மாற்றியதை இத்தனை வருஷம் கழித்தும் பேசுகிறோம் என்றால் அந்த வரி எவ்வளவு பேர் காதில் ஏறியிருக்க வேண்டும். நம் வீடுகளில் இந்த வேலையை முதலில் செய்தது ரேடியோ. "ஆகாசவாணி. செய்திகள். வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி." இதைக் கேட்டால் அப்பா சவரத்தை நிறுத்திவிட்டுத் திரும்புவார், ஒரு கன்னத்தில் நுரையோடு.

'பிரேக்கிங் பேட்' (2008) தொடரையும் விட மனமில்லை. பாலைவனத்தில் ஒரு ஆள், மேலே சட்டை, கீழே ஜட்டி, கையில் வீடியோ கேமரா. பெயர் வால்டர் ஹார்ட்வெல் ஒயிட் என்கிறார். கதவு எண், தெரு, ஊர், மாநிலம், அஞ்சல் எண் 87104 வரை ஒப்பிக்கிறார். நாம் பள்ளிக்கூடத்தில் அனுப்புநர், பெறுநர் எழுதிப் பழகியது போல. அடுத்த மூச்சில், காவல்துறையினருக்கு, இது குற்ற ஒப்புதல் அல்ல என்கிறார். பேன்ட் இல்லாத நிலையிலும் அஞ்சல் எண் மறக்காத மனிதன் வாத்தியாராகத்தான் இருக்க முடியும். கெமிஸ்ட்ரி வாத்தியார்.

எனக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். இப்போது பெரிய படங்களில் வரைபடத்தைக் காட்டி, ஒரு நட்சத்திரத்தின் குரலில், இந்த ராஜ்ஜியத்துக்கும் அந்த ராஜ்ஜியத்துக்கும் இத்தனாம் நூற்றாண்டில் பகை என்று பாடம் எடுக்கிறார்கள். குரல் முன்னால் வந்தால் மட்டும் போதுமா? அதற்கு ஒரு ஆள் வேண்டாமா? 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தில் (2022) கமல்ஹாசனின் குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 1950-ல் கல்கி எழுதிய முதல் வரி என்ன? "ஆதி அந்தமில்லாத கால வெள்ளத்தில் கற்பனை ஓடத்தில் ஏறி நம்முடன் சிறிது நேரம் பிரயாணம் செய்யுமாறு நேயர்களை அழைக்கிறோம்." கையைப் பிடித்து ஓடத்தில் ஏற்றுகிறார் மனுஷர். அதிலும் காலம்தான் வருகிறது, பாருங்கள்.

குரலே இல்லாமல் எழுத்தாக வந்து நின்ற ஒன்று 'ஆரண்ய காண்டம்' (2011). எது தர்மம், எது தேவையோ அதுவே தர்மம். படிக்கும்போது சிலிர்த்தது. எங்கள் டூரிங் கொட்டகையாக இருந்தால் "யாராவது படிச்சுச் சொல்லுங்கப்பா" என்று ஒரு குரல் வந்திருக்கும்.

அப்புறம், சில வருஷம் தியேட்டர்களில் அதிகம் பேர் கேட்ட தொடக்க வசனம் புகையிலை எச்சரிக்கைப் படங்களில் வந்ததுதான். இந்த நகரத்துக்கு என்ன ஆச்சு என்று ஒருவர் கவலைப்படுவாரே, அவர்தான். எந்த வசனகர்த்தாவாலும் அவரைத் தோற்கடிக்க முடியாது.

போன வருஷம் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தேன். ஆயா இப்போது இல்லை. துரியோதனன் வேஷத்துக்கு இரண்டு பேர் திரை பிடித்தார்கள். துணி போய் இப்போது பளபளவென்று ஜரிகை வைத்த பட்டுத் துண்டு. பின்னாலிருந்து பாட்டு கிளம்பியது, கிரீடம் மேலே ஆடியது. முன்வரிசையில் ஏழெட்டுப் பையன்கள் செல்போன் லைட்டைப் போட்டு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கட்டியங்காரன் பாட்டை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினான். சபைக்கு ஒரு கும்பிடு போட்டான்.

"தம்பிங்களா, அந்த லைட்ட கொஞ்சம் அணைங்க. ராஜாவுக்குக் கண்ணு கூசுதாம், வெளிய வரமாட்டேங்கறாரு."